ஏழு சுரங்களுக்குள் இருவர்: காட்ரின் ஃபின்ச் – செக்கு கெய்ட்டா இணை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

காட்ரின் ஃபின்ச் வாசிப்பது யாழ் போன்ற ஹார்ப். செக்கு கெய்ட்டா வாசிப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் தந்தி வாத்தியமான கோரா. ஃபின்ச் வேல்ஸ் நாட்டுக்காரர், மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பயின்றவர். கெய்ட்டா செனகலின் தென்கோடியில் உள்ள காசமான்ஸ் பகுதியில் பரம்பரைப் பாணர் வீட்டில் வளர்ந்தவர். 2013, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து மூன்று இசைத்தொகுப்புகள் வெளியிட்டார்கள். முதல் தொகுப்பை நாட்டுப்புற இசை இதழான எஃப்ரூட்ஸின் விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019ல் பி.பி.சி. ரேடியோ 2 நாட்டுப்புற இசை விருதுகளில் சிறந்த இணை அல்லது குழுவுக்கான விருது இவர்களுக்குக் கிடைத்தது. அதே மேடையில் ஆண்டின் சிறந்த இசைக்கலைஞர் விருதையும் கெய்ட்டா பெற்றார்.

விருதுக் கதையை இத்துடன் விட்டுவிடலாம். இரண்டு நாட்டு இசையைச் சேர்த்து வாசிக்கும் முயற்சிகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. திருவிழா மேடை ஒன்றில் சந்திப்பார்கள், அழகாக ஏதோ வாசிப்பார்கள், அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வகையில் தொடங்கிய ஓர் இணை மட்டும் எப்படி மூன்று தொகுப்புகள் வரை வளர்ந்தது? இருவரின் திறமையும் நட்பும் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. இந்த இரண்டு வாத்தியங்களும் செய்யப்பட்டிருக்கும் விதத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது, அதை இருவரும் சரியாகக் கண்டுகொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்பாராமல் அமைந்த இணை

இந்த இணை யாரும் திட்டமிட்டுச் சேர்த்தது இல்லை. 2012ல் வேல்ஸில் நடக்கவிருந்த சுற்றுப்பயணத்தில் ஃபின்ச்சோடு வாசிக்க ஒப்பந்தமானவர் மாலி நாட்டின் டூமானி ஜபாத்தே. கோரா என்றாலே உலகம் முதலில் நினைத்த பெயர் அவருடையது. 2024ல் அவர் மறைந்தார். 2012 மார்ச் மாதம் மாலியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. ஜபாத்தே அதன் தலைநகர் பமாக்கோவில் சிக்கிக்கொண்டார். ஒத்திகைக்கு ஆள் வேண்டும் என்ற நெருக்கடியில் இங்கிலாந்தில் வசித்துக்கொண்டிருந்த கெய்ட்டாவை அழைத்தார்கள். அவரும் வந்தார். ஜபாத்தே வந்து சேர்ந்து பயணம் நடந்தது. ஆனால் ஒத்திகை அறையில் ஃபின்ச்சுக்கும் கெய்ட்டாவுக்கும் இடையில் அமைந்த இசைவு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. இருவருமே இப்படிப்பட்ட சந்திப்புக்குப் பழகியவர்கள். ஃபின்ச் அதற்கு முன்பே கொலம்பியாவின் சிமரோன் குழுவோடு மேடையேறியிருந்தார். புல்வெளி மாட்டுப் பண்ணைகளில் பிறந்த வேகமான ஹார்ப் இசை அது; தாளத்தில் ஒரு நொடி அசந்தாலும் வெளியே தள்ளிவிடும். கெய்ட்டாவும் 1996லேயே தன் மாமா சோலோ சிசோகோவோடு நார்வேயின் ஃபோர்டே இசை விழாவுக்குப் போய், பிற நாட்டுக் கலைஞர்களோடு வாசித்தவர். பிறர் இசைக்குள் எப்படி நுழைவது, எங்கே ஒதுங்கி நிற்பது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

'நாட்டுப்புற இசை' என்ற பெயர்ப்பலகை

கடைகளிலும் விருதுப் பட்டியல்களிலும் இவர்கள் நாட்டுப்புற இசைப் பிரிவில் இருக்கிறார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இருவரில் ஒருவருக்கும் அந்தப் பெயர் முழுதாகப் பொருந்தவில்லை.

கோராவை வாசிக்கும் ஜலிகள் மாண்டிங்கா சமூகத்தின் தொழில்முறைப் பாணர்கள். அரச குலங்களின் வரலாற்றையும் வம்சாவளியையும் நினைவில் வைத்திருந்து பாடுவது அவர்கள் குலத் தொழில். கெய்ட்டாவின் குடும்பத்தில் இதற்கு ஒரு திருப்பம் உண்டு. கெய்ட்டா என்பது மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாட்டாவின் அரச குலப் பெயர். அரச குலத்தார் பாட்டைக் கேட்பவர்கள், பாடுகிறவர்கள் இல்லை. கோரா அவருக்கு வந்தது தாய்வழியில், சிசோகோ என்ற பாணர் குலத்திலிருந்து. பாட்டனார் ஜலி கேமோ சிசோகோவின் வீட்டில், ஸிகின்ஷோர் நகரத்தில் வளர்ந்து கற்றார். புகழப்படும் குலமும் புகழ்ந்து பாடும் குலமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன.

வேல்ஸிலும் ஹார்ப் முதலில் அரசவையில்தான் இருந்தது. இடைக்கால வேல்ஸ் சட்ட நூல்களின்படி அவைப் புலவர் பதவி ஏற்கும்போது அரசனிடமிருந்து ஒரு ஹார்ப்பைப் பெறுவார். அரசவைகள் அழிந்த பிறகு அது பண்ணை வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் வந்தது. அப்புறம் மூன்று வரிசைத் தந்திகள் கொண்ட ஹார்ப் வேல்ஸின் தேசிய வாத்தியமாகப் போற்றப்பட்டது. ஃபின்ச் இந்த இணையில் வாசிப்பது அதுவல்ல. மேற்கத்திய இசையரங்குகளில் காணும் 47 தந்தி, காலால் அழுத்தும் 7 மிதிகள் கொண்ட பெரிய ஹார்ப். நீண்ட காலமாகக் காலியாக இருந்த அரச ஹார்ப் கலைஞர் பதவியை வேல்ஸ் இளவரசராக இருந்த சார்லஸ் 2000ல் மீட்டெடுத்தபோது அதில் அமர்ந்தவர் இவர். 2004 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் முழுவதையும் ஹார்ப்புக்கு மாற்றி எழுதி 2009ல் டாயிஷ் கிராமஃபோன் என்ற இசை நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்.

ஆக இது கிராமத்துப் பாட்டும் கிராமத்துப் பாட்டும் சேர்ந்த கதை இல்லை. நீண்ட பயிற்சியும் அரசவை நினைவும் உள்ள இரண்டு தொழில்முறை மரபுகள் சந்தித்த கதை. வேறுபாடு கற்கும் முறையில் இருக்கிறது. ஒன்று தாளில் எழுதிக் கற்பது. மற்றது பாட்டனார் விரலைப் பார்த்தும் ஒலியைக் கேட்டும் கற்பது.

வாத்தியத்துக்குள் இருக்கும் காரணம்

கோராவை முதலில் பார்ப்போம். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி மாட்டுத்தோல் போர்த்தியிருப்பார்கள். அதில் நீண்ட மரத்தண்டைச் செருகி, தோலின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு மரப் பாலத்தின் இரு ஓரத்திலும் தந்திகளைப் பிரித்து ஏற்றியிருப்பார்கள். முன்பு தோலை முறுக்கிய தந்திகள். இப்போது மீன்பிடி நைலான். வாசிப்பவர் இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மட்டுமே பயன்படுத்துகிறார். மற்ற விரல்கள் இரு கைப்பிடிகளைப் பற்றியிருக்கும். வழக்கமாக 21 தந்திகள், ஏறக்குறைய மூன்று ஸ்தாயி. கெய்ட்டாவினுடையதில் 22. முதல் கோராவுக்கு 22 தந்திகள் இருந்தன, முதன்முதலில் அதை வாசித்த பாணர் இறந்ததும் அவர் நினைவாக மற்றவர்கள் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. காசமான்ஸ் பக்கம் அந்தத் தந்தியைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஸ்தாயிக்கு ஏழு சுரம். அவ்வளவுதான். வாசிப்பின் நடுவே எட்டாவது சுரம் ஒன்று வேண்டுமென்றால் கிடைக்காது. சுருதி சேர்க்கப் பழைய முறைகள் நான்கு உண்டு. அவற்றில் சௌட்டா என்பது உயர்ந்த மத்யமம் கொண்டது, கல்யாணி கேட்ட காதுக்குச் சட்டென்று பிடிபடும். சிலாபா சங்கராபரணத்துக்குப் பக்கத்தில் வரும். ஒரு முறையிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் வாசிப்பை நிறுத்தித் தந்திகளைத் திருத்த வேண்டும். கெய்ட்டா இரட்டைத் தண்டு கோரா ஒன்றை உருவாக்கியதற்கு இதுதான் காரணம். இரு பக்கமும் இரண்டு சுருதி முறைகளை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஹார்ப்பைப் பாருங்கள். பியானோவைப் போல எல்லாச் சுரமும் கையருகே இருக்கும் வாத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதன் தந்திகளும் ஸ்தாயிக்கு ஏழுதான். 1810ல் செபாஸ்டியன் எரார் காப்புரிமை பெற்ற இயந்திர அமைப்பின்படி ஏழு சுரத்துக்கும் ஏழு மிதிகள், ஒவ்வொரு மிதிக்கும் மூன்று நிலைகள். ஒரு மிதியை ஒரு நிலை நகர்த்தினால் அந்தச் சுரம் எல்லா ஸ்தாயியிலும் ஒரே நேரத்தில் அரைச்சுரம் ஏறும் அல்லது இறங்கும். காலை அசைக்காத வரை ஹார்ப்பும் ஏழு சுர வாத்தியம்தான்.

இந்த இணையின் அடித்தளம் இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன். கிதாரோ பியானோவோ கோராவோடு சேரும்போது, கோராவிடம் இல்லாத சுரங்களைத் தொட்டுவிடும் சபலம் ஒவ்வொரு நொடியும் இருக்கும். தொட்டால் கோரா ஊமையாகிவிடும். ஃபின்ச் செய்ய வேண்டியது, கோராவின் சுருதி முறைக்கேற்ப மிதிகளை ஒரு முறை அமைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது. அதன்பின் இருவரும் ஒரே எல்லைக்குள் இருக்கிறார்கள். எந்தத் தந்தியைத் தொட்டாலும் முரண்படாது. தாளைப் பார்த்து வாசித்துப் பழகியவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். அதே சமயம் பெரிய தியாகமும்கூட. ஹார்ப் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் பழகும் மிதிவேலையை ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது.

கெய்ட்டா பக்கமும் ஒரு விட்டுக்கொடுத்தல் உண்டு. ஜலிகளின் சுருதி, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கும் மேற்கத்திய சமச் சுருதியோடு நூலிழை சரியாகப் பொருந்துவதில்லை. சில சுரங்கள் ஒரு நூல் மேலே, சில கீழே. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது யாராவது ஒருவர் நகர வேண்டும். பதிவுகளைக் கேட்கும்போது நகர்ந்தது பெரும்பாலும் கோராதான் என்று எனக்குப் படுகிறது. தனியாக வாசித்த '22 ஸ்ட்ரிங்ஸ்' தொகுப்பில் அவர் சுருதியில் இருக்கும் அந்தச் சிறு காரம் இங்கே மட்டுப்பட்டிருக்கிறது. இது இழப்பு. ஆதாயத்தை மட்டும் பேசிவிட்டு இதை மறைப்பது கோராவுக்குச் செய்யும் நியாயமாகாது.

ஒலியின் ஆயுளிலும் வேறுபாடு இருக்கிறது. தோல்மேல் நிற்கும் நைலான் தந்தி பளிச்சென்று எழுந்து உடனே தணிகிறது. ஹார்ப்பின் ஒலி நீள்கிறது, கீழ்ஸ்தாயியில் கம்பி சுற்றிய தந்திகள் கையால் அடக்கும்வரை முழங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கோராவுக்கு எட்டாத ஆழத்தில் ஹார்ப் தரை போட, மேலே கோரா தாளத்தைத் தைக்கிறது. கெய்ட்டா முழவுகளும் பயின்றவர், அது அவர் கட்டைவிரலில் கேட்கும்.

பிரான்ஸின் செல்லோ கலைஞர் வின்சென்ட் சீகலும் மாலியின் கோரா கலைஞர் பல்லாக்கே சிசோகோவும் சேர்ந்து 2009ல் வெளியிட்ட தொகுப்பை இதோடு ஒப்பிட்டால் வேலையின் கடினம் புரியும். அங்கே ஒன்று வில்லால் இழுப்பது, மற்றது மீட்டுவது. யார் எங்கே என்று காது தானாகவே பிரித்துவிடுகிறது. இங்கே இரண்டுமே மீட்டும் தந்திகள். கவனம் இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இனிமையான மூட்டமாகிவிடும். மெதுவான சில உருப்படிகளில் அப்படி ஆகவும் செய்கிறது. மூன்று தொகுப்புகளிலும் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான்: அழகு அதிகமாகி, உரசல் குறைந்துபோகும் இடங்கள்.

எங்கே மிகச் சிறப்பாக வந்தது

முதல் தொகுப்பு 'க்ளக்கை டிபோன்'. டிபோன் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் தரை இருவாச்சிக்கு மாண்டிங்காவில் வழங்கும் பெயர். அதில் ஓர் உருப்படி ராபர்ட் அப் ஹ்யூவை 'நியாலிங் சோங்கோ' என்ற மாண்டிங்காப் பாட்டோடு சந்திக்க வைக்கிறது. ராபர்ட் அப் ஹ்யூ, ஆங்கில்சீ தீவைச் சேர்ந்த ஹார்ப் கலைஞர். ஏறக்குறைய 1613ல் அவர் எழுதிவைத்த சுவடிதான் ஐரோப்பாவின் மிகப் பழைய ஹார்ப் இசைச் சுவடி. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் உள்ள இசை அவர் காலத்துக்கும் முந்தைய பாணர்களுடையது. அதன் கட்டுமானம் வியப்பானது. இரண்டே இரண்டு சுரக்கூட்டங்கள். ஒன்றை 1 என்றும் மற்றதை 0 என்றும் குறித்து, அவை மாறி மாறி வரும் வரிசையை ஒரு சூத்திரமாக வைத்து, அதன் மேல் விரல்களின் வேலைப்பாட்டைக் கட்டுகிறார்கள்.

கோராவிலும் கும்பெங்கோ என்ற சுழற்சி உண்டு. சில நொடிகள் நீளும் ஒரு வடிவம் விடாமல் திரும்பத் திரும்ப வரும். அதன் நடுவே பிரிமிந்திங்கோ என்ற சரமாரியான ஓட்டங்கள் மேலிருந்து இறங்கும். பாட்டின் அடையாளம் சுழற்சியில் இருக்கிறது, வாசிப்பவரின் அடையாளம் ஓட்டங்களில். பழைய வேல்ஸ் சூத்திரமும் மாண்டிங்காச் சுழற்சியும் ஒரே சிந்தனையின் இரண்டு கிளைகள் போலவே இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை, அப்படி வர வேண்டிய அவசியமும் இல்லை. தந்திகள் குறைவு, விரல்கள் இரண்டு கை, கேட்பவருக்கு நீண்ட கதை சொல்ல வேண்டும் என்றால் சுழற்சிதான் வழி.

இதே சிந்தனையை இன்னும் தைரியமாக எடுத்துப்போனது 2018ல் வந்த 'ஸோர்' தொகுப்பின் 'பாக் டு பாயிஸோ'. கோல்ட்பர்க்கின் தொடக்க மெட்டான ஆரியா ஹார்ப்பில் எழுகிறது; போகப்போக ஒரு பழைய கோராப் பாட்டுக்குள் கரைகிறது. பாக்கையும் ஆப்பிரிக்க இசையையும் ஒட்டவைத்த விளையாட்டு என்று கேட்காமலே ஒதுக்குபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோல்ட்பர்க்கின் 30 மாற்றங்களும் அந்த ஆரியாவின் மேல்மெட்டின் மேல் கட்டப்பட்டவை அல்ல; அடியில் ஓடும் 32 அடிகள் கொண்ட கீழ்ச்சுர வரிசையின் மேல் கட்டப்பட்டவை. மாறாமல் திரும்பி வரும் அடித்தளம், அதன் மேல் மாறிக்கொண்டே இருக்கும் விரல்வேலை. பாக்கின் வழியும் ஜலியின் வழியும் அங்கே உண்மையாகவே சந்திக்கின்றன. அந்த இணைப்பு காதுக்கு இயல்பாக வருவதற்கு இதுவே காரணம். மூன்று தொகுப்புகளிலும் எனக்கு உச்சமாகத் தோன்றும் இடமும் அதுதான்.

'ஸோர்' தொகுப்பின் மையத்தில் ஒரு பறவை இருக்கிறது: விராலடிப்பான். வேல்ஸின் டவி நதி முகத்துவாரத்தில் 400 ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடு கட்டாமல் இருந்த இந்த மீன்தின்னி 2011ல் மீண்டும் குஞ்சு பொரித்தது. குளிர்காலத்தில் இவை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகின்றன, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். வசந்தத்தில் திரும்புகின்றன. 2013ல் டவியில் பொரித்த ஒரு பெண் பறவையின் பெயரான 'கிளாரக்' என்பதுதான் தொகுப்பின் முதல் உருப்படிக்கும் பெயர். வேல்ஸையும் செனகலையும் இணைக்க யாரோ உட்கார்ந்து யோசித்த உருவகம் இல்லை இது. இரு நாட்டுக்கும் இடையே ஆண்டுதோறும் நிஜமாகவே நடக்கும் பயணம்.

அதே தொகுப்பில் இரண்டு நாட்டின் காயங்களும் வருகின்றன. '1677' என்பது டச்சுக்காரர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கோரே தீவைப் பிடித்த ஆண்டு. டக்கார் கரைக்கு எதிரே உள்ள அந்தத் தீவு அடிமை வணிகத்தின் நினைவிடமாக இன்று நிற்கிறது. 'கோவியுஹ் திரெவெரின்' லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காக மூழ்கடிக்கப்பட்ட பள்ளத்தாக்கைப் பற்றியது. 1957ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியபோது வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. 1965ல் கேப்பல் கெலின் என்ற வேல்ஷ் பேசும் ஊர் பள்ளி, தேவாலயம், பண்ணை வீடுகளோடு நீருக்கடியில் போனது. அந்த ஊரை நினைவில் வைக்கச் சொல்லி அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பாழ்சுவரில் எழுதப்பட்ட வாசகம்தான் இந்த உருப்படியின் பெயர். அந்தச் சுவர் ஃபின்ச் வளர்ந்த லான்னோன் கிராமத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு துயரங்களும் அளவில் சமம் என்று தொகுப்பு எங்கும் வாதிடவில்லை. அது சரியான முடிவு. அடிமை வணிகத்தோடு ஓர் அணைக்கட்டை எடை போட்டிருந்தால் இரண்டுக்குமே அவமதிப்பு ஆகியிருக்கும். அவரவர் துயரத்தை அவரவர் வாசிக்க, மற்றவர் துணையாக நிற்கிறார்.

பின்னால் நின்றவர்கள்

இதில் ஒரு சின்ன ஊரின் பங்கு பெரியது. மேற்கு வேல்ஸில் டைவி நதிக்கரையில் கார்டிகன் என்ற ஊர். அங்கே உள்ள முல்டன் அரங்கம்தான் 2012 பயணத்தை ஏற்பாடு செய்தது. சிமரோன் பயணத்தின் பின்னால் இருந்ததும் அதுதான். தலைநகர அரங்குகள் தயாராக வரும் நிகழ்ச்சியை வாங்கி மேடையேற்றும். முல்டன் ஒத்திகை அறையும் நாட்களும் கொடுத்து நிகழ்ச்சியை உருவாக்கியது. பிறகு ஏ.ஆர்.சி. மியூசிக் என்ற இசை நிறுவனத்தோடு சேர்ந்து பெண்டிகெடிக் என்ற சொந்த வெளியீட்டு நிறுவனத்தையும் தொடங்கி 'ஸோர்' தொகுப்பை அதில் வெளியிட்டது.

காது வழியாகக் கற்பவரும் தாள் வழியாகக் கற்றவரும் சந்திக்க, மேடைக்கு முந்தைய மாலை ஒரே ஒரு ஒத்திகை போதாது. சுருதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தச் சுழற்சியை யார் பிடிப்பது, யார் எப்போது கீழே இறங்கி வழிவிடுவது என்பதெல்லாம் கை பழகிப் பழகித்தான் வரும். அதற்கான நாட்களுக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான கலப்பு முயற்சிகள் தோற்கின்றன. கலைஞர்களைக் குறை சொல்கிறோம், அவர்களுக்குக் கிடைத்த நேரத்தைக் கேட்பதே இல்லை.

2022ல் வந்த 'எக்கோ' மூன்றாவது தொகுப்பு. முதல் தொகுப்பில் பழைய பாட்டுகளை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தவர்கள், இதில் பெரும்பாலும் தங்கள் சொந்த மெட்டுகளோடு வந்தார்கள். யாருடைய மரபு எங்கே முடிகிறது என்று கோடு போடுவது இங்கே கடினம். சிலருக்கு இது முதிர்ச்சி. எனக்கோ முதல் தொகுப்பில் இருந்த அந்த எதிரெதிர் நிற்றல் மீது இன்னும் பற்று அதிகம்.

அதன் பிறகு இருவரும் வேறு திசைகளிலும் போயிருக்கிறார்கள். கெய்ட்டா 2023ல் பி.பி.சி. கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு 'ஆப்பிரிக்கன் ராப்சடீஸ்' வெளியிட்டார். ஏழு சுரக் கோராவைப் பன்னிரண்டு சுரங்களும் கைவசமுள்ள முழு இசைக்குழுவின் நடுவே வைத்த முயற்சி அது. ஃபின்ச் அதே ஆண்டு அயர்லாந்தின் வயலின் கலைஞர் ஈஃபா நீ வ்ரியனோடு 'டபுள் யூ' தொகுப்பைக் கொண்டுவந்தார். வயலினுக்கு ஏழு சுர வேலி கிடையாது, ஒலியும் நின்று நீளும். ஃபின்ச்சின் கால்களுக்கு அங்கே மறுபடி வேலை வந்திருக்கிறது. கோராவோடு பத்தாண்டு இருந்த கை அந்த வாசிப்பில் எங்கெல்லாம் தெரிகிறது என்று தேடிக் கேட்க விரும்புபவர்கள், அவர் கீழ்ஸ்தாயியில் பிடிக்கும் சுழற்சிகளிலிருந்து தொடங்கலாம்.